கரையில் நின்ற மனைவியர்

கணவன் மனைவியைப் பிரிந்து செல்வதற்குரிய காரணங்களைத் தொல்காப்பியர் வகுத்து வைத்தார். ஓதல், தூது, பகை, பொருள் என வரும் அப்பிரிவுகள் தமிழ் பயின்றோர் யாவரும் அறிந்தவையே. காரணம் கூறியதோடு அமையாது கால எல்லையும் கூறினார் என்பதைத்தான் பலர் கவனியாது விட்டுவிடுகின்றனர். கல்வி கருதிப் பிரிந்தவன் மூன்றாண்டைக் கடந்து வெளியே தங்குதல் ஆகாது. வேந்தன் தொழில்மேற் சென்றவன் ஓராண்டுக்குள் திரும்புதல் வேண்டும். கடல்வழிச் செலவில் பெண்டிரை உடன்கொண்டு போகும் வழக்கம் இல்லை என்று பொருள் கொள்ளத்தக்க நூற்பா ஒன்றும் அந்நூலில் உண்டு. அந்நூற்பாவின் உரையில் வேறுபாடு இருக்கிறது. அது புலவர்கள் வழக்கு. இங்குக் கருதத்தக்கது ஒன்றே. பழந்தமிழர் வகுத்த கால எல்லை கணவனைக் கட்டியது. எல்லை கடந்தால் குற்றம் அவனுடையது.

இருபதாம் நூற்றாண்டில் அரசாங்கங்களும் பிரிவுக்குக் கால எல்லை வகுத்தன. அவை வகுத்த எல்லையோ மனைவியைக் கட்டியது. கணவன் வராமையால் காலம் கடந்தாலும், கப்பலுக்குப் பணம் இல்லாமையால் காலம் கடந்தாலும், கதவு அடைபட்டது அவளுக்கே. இம்மாறுதல் எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிவதற்கு மலாக்காவின் தோட்டப்புறம் நல்ல இடமாகும்.

மலாக்கா மாநிலத்தின் வடபால், அலோர் காஜா மாவட்டத்தில், நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டிய சிற்றூர் லூபோக் சீனா. லூபோக் என்பது மலாய் மொழியில் ஆற்றின் ஆழ்ந்த மடுவைக் குறிக்கும். பெயரில் சீனா இருப்பினும், இவ்வட்டாரத்துத் தோட்டங்களில் பால் மரம் வெட்டிய கைகளிற் பெரும்பாலன தமிழகத்திலிருந்து வந்தவை. அக்கைகளுக்கு உரியோர் மனைவியரோடு வந்தார்களா, தனித்து வந்தார்களா, பின்னர் வரவழைத்துக்கொண்டார்களா என்ற கேள்விக்கு விடை தேடினால் மலாயாத் தமிழரின் வரலாற்றிற் பாதி அதனுள் அடங்கிவிடுகிறது.

மலாக்காவுக்குத் தமிழர் வந்தது ரப்பருக்கு முந்திய கதை. சுல்தான்கள் காலத்திலேயே சோழமண்டலக் கரையிலிருந்து வணிகர்கள் வந்து தங்கினர். தங்கியவர்கள் இந்நாட்டுப் பெண்களை மணந்துகொண்டனர். அவர்தம் வழியினரே இன்று காஜா பேராங்கில் வாழும் மலாக்காச் செட்டிகள். சிவ வழிபாட்டையும் குலதெய்வப் படையலையும் காத்துக்கொண்ட அவர்கள், தாய்மொழியை இழந்து மலாய் பேசுவோராயினர். தந்தை தந்தது சமயம். தாய் தந்தது மொழி. மனைவியைக் கரையில் விட்டு வரும் வழக்கத்துக்கு அக்காலத்தில் விளைந்த பயன் இதுவாகும். பின்னர் வந்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் ஏஜெண்டுகள் வேறு வழி கண்டனர். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணைக்கு வந்து, கிட்டங்கியில் ஆடவர் மட்டுமே கூடி வாழ்ந்து, தவணை முடிந்ததும் ஊர் திரும்பினர். தொல்காப்பியர் சொன்ன மூன்றாண்டோடு இது பொருந்துவது தற்செயலே ஆகலாம். ஆனால் சுவையான தற்செயல்.

தோட்டத் தொழிலாளியின் நிலை இவ்விரண்டிலும் சேராது. 1896ல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சே யான் ரப்பர் நட்டுப் பார்த்தார். அதன் பின்னர்ப் பெருந்தோட்டங்கள் எழுந்தன. ஆள் தேவை பெருகிற்று. 1907ல் தமிழர் குடியேற்ற நிதிக்கான சட்டம் பிறந்தது. இந்தியத் தொழிலாளரை வைத்து வேலை வாங்கும் ஒவ்வொரு முதலாளியும் அந்நிதிக்கு வரி கட்டினார். அப்பணத்தில் கப்பல் டிக்கட் கொடுக்கப்பட்டது. கங்காணி ஊருக்குப் போய்த் தன் உறவிலும் அக்கம்பக்கத்திலும் ஆள் சேர்த்தான். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் அவர்கள் தங்கிக் கப்பலேறினர்.

அக்காலத்தில் மனைவியை உடனழைத்து வருவதற்குத் தடை ஏதும் இல்லை. தடை இல்லாமை மட்டுமன்று, ஊக்கமே இருந்தது. குடும்பமாக வந்தவன் எளிதில் தோட்டத்தை விட்டு ஓடமாட்டான். அவன் மனைவியும் மரம் வெட்டுவாள், களை எடுப்பாள். பிள்ளை வளர்ந்தால் அதுவும் ஓர் ஆள். இவையெல்லாம் துரைமார் கணக்கில் இருந்தன. தம்பதியாகக் கொண்டுவரும் கங்காணிக்குக் கூடுதல் கமிஷன் கிடைத்ததும் உண்டு. அதனால் முகாமிலேயே ஒருவனையும் ஒருத்தியையும் கணவன் மனைவி என்று எழுதிக் கப்பலேற்றும் வழக்கமும் தோன்றிற்று. டிப்போக் கல்யாணம் என்று அதற்குப் பெயர் வந்தது. அவ்வாறு எழுதப்பட்டவர்களில் உண்மையிலேயே இல்லறம் நடத்தியவர்களும் உண்டு; கரையிறங்கியதும் பிரிந்தவர்களும் உண்டு. ஊரில் தாங்க முடியாத வறுமையிலிருந்தோ கொடிய கட்டிலிருந்தோ தப்புவதற்கு அந்த எழுத்தைத் துணையாகக் கொண்ட பெண்களும் இருந்திருக்கவேண்டும். இன்று குடிநுழைவு அதிகாரிகள் போலி மணம் என்று சந்தேகிப்பதை அன்று அதிகாரிகளும் முதலாளிகளும் கண்டும் காணாது விட்டனர். அன்று அவர்களுக்கு ஆள் வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வேற்றுமை.

எனினும் ஊக்கம் இருந்த அளவுக்குப் பெண்கள் வரவில்லை. 1921ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்குச் சுமார் 400 பெண்களே இருந்தனர். 1931ல் அது 500ஐ நெருங்கிற்று. பெண்ணுக்குக் கூலி குறைவு. 1920களின் பிற்பகுதியில் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு என்று நியமக் கூலி இருந்த வட்டாரங்களில் பெண்ணுக்கு 40 காசுதான். ஊரில் மாமன் மாமி முதுமை எய்தியிருப்பர். காணி சிறிதேனும் இருக்கும். அதைப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும். வீட்டுக்காரர் சம்பாதித்து அனுப்பட்டும், இரண்டு மூன்று ஆண்டில் திரும்பிவிடுவார் என்பது எண்ணம். அவ்வெண்ணம் பல குடும்பங்களில் இருபது முப்பது ஆண்டுகள் நீடித்தது.

மனைவியை அழைத்துக்கொள்வது உரிமையா, சலுகையா என்ற கேள்வி தமிழர் வாழ்வில் முதன்முதல் பெரும் போராட்டமாக வெடித்தது மலாயாவில் அன்று; தென்னாப்பிரிக்காவில். அங்குக் கேப் மாகாணத்தில் வாழ்ந்த ஹசன் ஈசோப் என்பவர், இந்தியா சென்று மணந்துகொண்ட தம் மனைவி பாய் மரியத்தை அழைத்து வந்தார். அதிகாரிகள் அப்பெண்மணியை இறங்க விடவில்லை. வழக்கு நீதிமன்றம் ஏறிற்று. 1913 மார்ச்சு 14ஆம் நாள் நீதிபதி சர்ல் தீர்ப்புரைத்தார். பல மனைவியரை அனுமதிக்கும் சமயச் சடங்கின்படி நடந்த திருமணம் அந்நாட்டுச் சட்டத்தின் கண்ணில் திருமணம் ஆகாது என்பது அதன் சாரம். மரியம் இசுலாமியர். ஆயினும் அத்தீர்ப்பின் வாள் இந்துக்கள் மீதும் பார்சிகள் மீதும் ஒருங்கே விழுந்தது. தாலி கட்டி, அம்மி மிதித்து, ஊரறிய மணந்த பெண்கள் ஒரே நாளில் மனைவியர் அல்லர் என்றாயினர். பிள்ளைகளின் வாரிசுரிமையும் ஆட்டங்கண்டது.

காந்தியடிகளின் சத்தியாக்கிரகத்தில் பெண்கள் இறங்கியது இத்தீர்ப்புக்குப் பின்னரே. டிரான்ஸ்வாலிலிருந்து நேட்டாலுக்குள் எல்லை தாண்டிச் சென்று நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரைத் தட்டியெழுப்பிய பெண்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். மூன்று பவுன் தலைவரியும் திருமணம் பற்றிய தீர்ப்பும் அவர்தம் இரு குறைகள். சிறை சென்றவர்களுள் ஒருவர் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வள்ளியம்மை. தில்லையாடி அவருடைய முன்னோர் ஊர். சிறையிற் கண்ட காய்ச்சலால் 1914 பிப்ரவரி 22ஆம் நாள் மறைந்தார். வயது 16. மனைவியர் உரிமைக்காக உயிர்விட்ட அவர் மணமாகாத கன்னி என்பதை எண்ணிப் பார்ப்போர் குறைவு. அவ்வாண்டிலேயே இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறிற்று. தலைவரி ஒழிந்தது. ஒரு கணவனுக்கு ஒரு மனைவி என்ற அளவில் இந்தியர் திருமணம் ஏற்கப்பட்டு, அம்மனைவியும் சிறுவயதுப் பிள்ளைகளும் நுழைவதற்கு வழி பிறந்தது.

மலாயாவுக்குத் திரும்புவோம். 1930ஆம் ஆண்டையொட்டிய மந்தத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாகத் திருப்பி அனுப்பப்பட்டனர். விலை ஏறியதும் மீண்டும் அழைக்கப்பட்டனர். நிலைமையைக் காண 1936 இறுதியில் வந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார், கங்காணி மூலம் ஆள் சேர்ப்பது நிற்கவேண்டும் என்று கருத்துரைத்தார். கூலிக் குறைப்பைப் பற்றிய பூசலின் முடிவில், 1938 ஜூன் 15 முதல் உதவிப் பணத்தில் உடலுழைப்பாளர் மலாயாவுக்குப் போவதை இந்திய அரசாங்கம் தடுத்துவிட்டது. தொழிலாளரைக் காப்பதற்கென இட்ட தடை அது. குடும்பத்தைப் பிறகு அழைத்துக்கொள்ளலாம் என்று ஒத்திப்போட்டிருந்தவர்களுக்கு இலவச டிக்கட் என்ற ஏணி அதனால் எடுபட்டது. அடுத்து 1941 டிசம்பரில் ஜப்பானியர் படையெடுப்பு. மூன்றரை ஆண்டுகள் கப்பலும் இல்லை, கடிதமும் இல்லை. சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு மாண்ட தமிழ்த் தொழிலாளரின் மனைவியர் பலருக்குச் செய்தி எட்டவேயில்லை. தாலியை வைத்திருப்பதா கழற்றுவதா என்று அறியாது ஊரிலிருந்த பெண்களின் கதை இன்னும் முறையாக எழுதப்படவில்லை.

போருக்குப் பின் ரஜூலா முதலிய கப்பல்கள் மீண்டும் ஓடின. சென்னையில் புறப்பட்டு, நாகப்பட்டினம் தொட்டு, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் எனச் செல்லும் அக்கப்பலின் தளத்தில் பாயும் சட்டிப்பானையுமாகக் குடும்பங்கள் வந்தன. மலாக்காத் தோட்டங்களுக்கு வருவோர் போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்குவது வழக்கம். 1947ல் இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்குச் சுமார் 640 பெண்கள் என்ற நிலை வந்தது. குடும்பங்கள் கூடிவரும் காலம் அது. அந்த நேரத்தில்தான் கதவு மெல்ல மூடத் தொடங்கிற்று.

1953 ஆகஸ்டு 1ஆம் நாள் புதிய குடிநுழைவுச் சட்டம் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நடப்புக்கு வந்தது. அதுவரை பிரிட்டிஷ் பிரஜை என்ற முறையில் இந்தியர் பெரிதும் தடையின்றி வந்து போயினர். இனித் தனித் தகுதியும் உயர்ந்த சம்பளமும் உடையோர் வரலாம். ஏற்கெனவே சட்டப்படி வாழ்வோரின் மனைவியும் சிறு பிள்ளைகளும் வரலாம் என்றாயிற்று. மேற்பார்வைக்கு இது மனைவியருக்குச் சாதகமாகவே தோன்றும். நடைமுறையில் அவ்வாறு இல்லை. மனைவியைக் காண ஊருக்குப் போகும் கணவன் திரும்பி வருவதற்கே மறுநுழைவுப் பெர்மிட் பெற வேண்டும். அவள் தன் மனைவிதான் என்று எழுத்திற் காட்டவேண்டும். கோயிலிலோ வீட்டு முற்றத்திலோ நடந்த கல்யாணத்துக்கு எழுத்து ஏது? மலேசியாவில் இந்துத் திருமணங்களும் கட்டாயமாகப் பதிவாக வேண்டும் என்ற நிலை, 1976ல் இயற்றப்பட்ட சட்டம் 1982 மார்ச்சு 1ல் நடப்புக்கு வந்த பின்னரே ஏற்பட்டது.

அடுத்த பூட்டு 1959 டிசம்பரில் விழுந்தது. நாடு விடுதலை பெற்று ஈராண்டு ஆகியிருந்தது. மலாயா மக்களிடையே சமநிலையும் ஒருமைப்பாடும் வளரவேண்டும் என்பதும் உள்ளூர் மக்களுக்கு வேலை காக்கப்படவேண்டும் என்பதும் திருத்தச் சட்டத்துக்குக் கூறப்பட்ட காரணங்கள். புது நாடு தன் வாயிலைத் தானே காக்க விரும்புவதில் தவறு காண்பதற்கில்லை. காத்த முறைதான் கருதத்தக்கது. 1954 டிசம்பருக்குப் பின் தொடர்ந்து ஐந்தாண்டுகள் கணவனைப் பிரிந்து வாழ்ந்த மனைவிக்கு நுழைவு இல்லை என்றது அச்சட்டம். ஆறு வயது எய்திய பிள்ளைகளுக்கும் அவ்வாறே.

இதன் கணக்கை நோக்குக. 1954 டிசம்பரோடு ஐந்தைக் கூட்டினால் 1959 டிசம்பர். அதாவது, சட்டம் பிறந்த அன்றே அதன் முதல் வரிசையினர் காலங் கடந்தவர் ஆயினர். இத்தனை ஆண்டுக்குள் அழைத்துக்கொள்க என்று முன்கூட்டிச் சொல்லி, அதன் பின் அடைத்த கதவு அன்று இது. நடந்து முடிந்த பிரிவை எண்ணி அடைத்த கதவு. அந்த ஐந்தாண்டுகளோ எத்தகையவை? 1948ல் அறிவித்த அவசரகாலம் 1960ல்தான் நீங்கிற்று. தோட்டப்புறம் முள்வேலிக்கும் ஊரடங்குக்கும் இடையே கிடந்தது. துப்பாக்கிச் சத்தம் கேட்கும் இடத்துக்கு மனைவியையும் கைக்குழந்தையையும் வரவழையாமல், கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருந்த கணவன் அறிவுடையவனே. சட்டத்தின் கண்ணிலோ அவன் மனைவியை விட்டுப் பிரிந்து வாழ்ந்தவன். மாதந்தோறும் மணியார்டர் அனுப்பியதும், தீபாவளிக்குச் சேலை அனுப்பியதும், இரண்டாண்டுக்கொருமுறை போவதற்குச் சீட்டுப் பிடித்ததும் சேர்ந்து வாழ்ந்ததற்குச் சான்றாகா.

மலாக்காவில் இதற்கு மற்றொரு கோணலும் உண்டு. 1826 முதல் நீரிணைக் குடியேற்றத்தின் ஒரு பகுதியாக இருந்தமையால், மலாக்காவில் பிறந்தவன் பிறப்பாலேயே பிரிட்டிஷ் பிரஜை. எல்லைக்கு அப்பால் நெகிரி செம்பிலானில் பிறந்தவன் மலாய் அரசர் ஒருவரின் ஆட்சிக்குட்பட்ட நாட்டில் பிறந்தவன். லூபோக் சீனாவைப் போன்ற எல்லையூரில், ஒரே கங்காணி கொண்டுவந்த இரு சகோதரர்களின் பிள்ளைகள், பேறுகாலத்தில் தாய் எந்தத் தோட்டத்தில் இருந்தாள் என்பதைப் பொறுத்துக் குடியுரிமை வழக்கில் இருவேறு நிலையினராதல் கூடும்.

1957லும் மலாயா இந்தியரில் ஆயிரம் ஆண்களுக்குப் பெண்கள் ஏறத்தாழ 700தான். அந்த இடைவெளியில் தனியாட்களாகவே முதுமை எய்திய ஆடவர்கள் இருந்தனர். ஊரில் ஒரு குடும்பம் இருக்க, தோட்டத்தில் இன்னொரு குடும்பம் அமைத்துக்கொண்டோரும் இருந்தனர். இரண்டையும் ஒழுக்கக் கேடு என்று பழிப்பது எளிது. அப்பழியிற் சட்டத்துக்குரிய பங்கையும் கழித்துக்கொள்வது நேர்மையாகும்.

1969ல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலைப் பெர்மிட் கட்டாயமாக்கப்பட்டபோது சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் நாட்டை விட்டுச் சென்றனர் என்பர். சிவப்பு அடையாள அட்டைக் கணவனும் நீல அட்டை மனைவியும், அல்லது அதன் மறுதலையும், ஒரே லயத்தில் வாழ்ந்த காலம் அது. குடிமகனின் மனைவி குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள அரசியல் சட்டத்தின் 15ஆம் விதி வழி காட்டிற்று. குடிமகளின் கணவனுக்கு அவ்வழி இல்லை. கொண்டவன் ஊரே பெண்ணுக்கு ஊர் என்ற பழைய எண்ணத்தைச் சட்டமும் அப்படியே எடுத்துக்கொண்டது போலும்.

பொருள் தேடிப் பிரிந்தவர் கதை இதுவரை கூறியது. உயிரைக் காத்துக்கொள்ளப் பிரிந்தவர் கதை 1983க்குப் பின் ஈழத் தமிழரால் பெருகிற்று. அவர்களிலும் முதலிற் கடல் கடந்தவன் பெரும்பாலும் ஆண். பிடிபடக்கூடியவன் அவன், தரகருக்குக் கொடுக்க ஒருவருக்கே பணம் இருந்தது. மனைவி யாழ்ப்பாணத்திலோ வன்னியிலோ தமிழ்நாட்டு முகாமிலோ நின்றாள். அகதிகள் நிலை பற்றிய உடன்படிக்கை 1951 ஜூலை 28ல் ஜெனீவாவில் ஏற்கப்பட்டது. அம்மாநாட்டின் இறுதி ஆவணம், குடும்ப ஒற்றுமை அகதியின் இன்றியமையா உரிமை என்று கூறி, அதைக் காக்கும்படி அரசாங்கங்களுக்குப் பரிந்துரைத்தது. பரிந்துரைத்தது என்பதைக் கவனிக்க. உடன்படிக்கையின் விதிகளுள் அது இடம்பெறவில்லை. ஆகவே ஒவ்வொரு நாடும் தன் மனம்போல் அளவுகோல் வைத்துக்கொண்டது.

அமெரிக்கச் சட்டத்தில், புகலிடம் வழங்கப்பட்ட நாளுக்கு முன்பே திருமணம் நடந்திருக்கவேண்டும். வழங்கப்பட்ட இரண்டாண்டுக்குள் மனைவிக்காக மனுச் செய்யவேண்டும். கனடாவில், வெளிநாட்டிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டு வரும் அகதியின் குடும்பத்தார், அவர் நிரந்தரவாசியான ஓராண்டுக்குள் மனுச் செய்தால் தனியே பொறுப்பேற்பு இன்றிச் சேர்ந்துகொள்ளலாம். அங்கேயே ஐந்தாண்டுக் கணக்கும் ஒன்று பின்னர்ப் புகுந்தது. 2010 ஆகஸ்டில் 492 தமிழரோடு சன் சீ என்ற கப்பல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையை அடைந்தது. அதையொட்டி எழுந்த கூக்குரலின் விளைவாக 2012ல் ஒரு சட்டம் வந்தது. முறைகேடான வருகை என்று அமைச்சர் குறிக்கும் கூட்டத்தில் வந்தவர், அகதி என்று ஏற்கப்பட்ட பின்னரும், ஐந்தாண்டுகள் நிரந்தர வாழ்வுரிமைக்கு மனுச் செய்யலாகாது. அது இன்றேல் மனைவியை அழைப்பதற்கும் வழி இல்லை. 1959ல் மலாயா, ஐந்தாண்டு பிரிந்திருந்தாய், ஆகவே வராதே என்றது. 2012ல் கனடா, ஐந்தாண்டு பிரிந்திரு, பிறகு பார்க்கலாம் என்றது.

மலேசியா அந்த உடன்படிக்கையில் ஒப்பமிடவில்லை, இந்தியாவும் இல்லை. 1959ஆம் ஆண்டுச் சட்டமே 1959/63ஆம் ஆண்டுக் குடிநுழைவுச் சட்டம் என்ற பெயரில் இன்றும் இந்நாட்டில் ஆட்சி செய்கிறது. அதில் அகதி என்ற சொல்லுக்கு இடமில்லை. ஐக்கிய நாட்டு அகதிகள் ஆணையகம் 1975 முதல் இங்கு இயங்கி, வருவோரை விசாரித்து அட்டை கொடுக்கிறது. அந்த அட்டை அடைக்கலம் தேடி வந்தவன் என்பதற்குச் சான்று. மனைவியை அழைக்க உரிமைச் சீட்டு அன்று. அவளும் அவனைப் போலவே எல்லை கடந்து வந்தால்தான் உண்டு. அவ்வாறு வந்தவர்களும், இங்கேயே சந்தித்துக் கோயிலில் மாலை மாற்றிக்கொண்டவர்களும், மூன்றாம் நாடு ஒன்று தம்மை ஏற்கும் நாளை எதிர்நோக்கி வாழ்கின்றனர்.

அந்த நாள் வரும்போது பழைய கேள்வி மறுபடியும் எழுகிறது. முதல் விசாரணையில் மனைவி பெயரைச் சொன்னாயா? அச்சத்தாலோ, பதிவுச் சீட்டு இல்லாத கல்யாணத்தைச் சொன்னால் வழக்குக் கெட்டுவிடும் என்று தரகர் சொன்னதாலோ, தனியாள் என்று எழுதியவர்கள் உண்டு. கனடா விதிகளின்படி, குடியேறும்போது அறிவிக்காமல் விடப்பட்டுப் பரிசோதனைக்கு உட்படாத மனைவியைப் பின்னர் எக்காலத்தும் குடும்பத்தாராக அழைக்க இயலாது. இக்கடுமை மிகுதி என்று கண்டு, அகதிகளாகவும் அவர்களைப் போன்ற நிலையிலும் வந்தோருக்கு 2019 செப்டம்பரில் ஒரு தளர்வு சோதனை முறையில் தொடங்கப்பட்டது. அதன்படி மனுச் செய்வோர், முன்பு ஏன் பெயரைச் சொல்லவில்லை என்பதற்கும், அன்று முதல் அவள் மனைவியாகவே இருந்துவருகிறாள் என்பதற்கும் விளக்கம் எழுதுகின்றனர். கல்யாணப் படம், அனுப்பிய பணத்தின் ரசீது, தொலைபேசிக் கணக்கு ஆகியவற்றை உடன் இணைக்கின்றனர்.